இரண்டு வயதுக் குழந்தையோடு தோட்டம், கைவேலை, யூத வீட்டு வழக்கங்கள்: உங்கள் வீட்டில் எப்படி?

வேலிப்பருத்தி | ஹைலண்ட் பார்க், நியூஜெர்சி

வணக்கம். என் மனைவி யூதர்; நான் திண்டுக்கல் பக்கத்துக்காரன். மகனுக்கு இரண்டரை வயது ஆகப்போகிறது. வெள்ளி மாலை முதல் சனி இரவு வரையான ஓய்வுநாள் ஷபாத்தும் பண்டிகைகளும் மனைவியின் குடும்ப வழக்கப்படி நடக்கின்றன. கொல்லைத் தோட்டம் என் பொறுப்பு. இவை இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. யூதர்களின் ஆண்டே வயலை வைத்து அமைந்ததுதான். வாற்கோதுமை அறுப்பை ஒட்டிப் பஸ்கா, கோதுமை அறுப்புக்கு ஷவுவோத், விளைந்ததையெல்லாம் வீடு கொண்டுவந்து சேர்த்தபின் சுக்கோத். மரங்களுக்கென்றே தனியாக ஒரு புத்தாண்டு உண்டு: ஷ்வாத் மாதம் 15ஆம் நாள் வரும் து பிஷ்வாத். ஆகவே முதலில் அவன் கையில் மண் படட்டும், கதையும் மந்திரமும் பிறகு வரட்டும் என்பது என் கட்சி.

நாங்கள் செய்வதில் எனக்கு மிகவும் பிடித்தது பார்ஸ்லி. து பிஷ்வாத் சமயத்தில் விதை போட்டு, பஸ்கா இரவு விருந்தான சேடரில் அதே செடியின் தழையைக் கிள்ளி உப்புநீரில் தோய்த்து உண்பது பல யூத வீடுகளில் உள்ள வழக்கம். சேடரில் அந்தத் தழைக்குக் கர்பாஸ் என்று பெயர். உப்புநீர், எகிப்தில் அடிமைப்பட்டுக் கிடந்தவர்களின் கண்ணீர். எங்கள் ஊரில் அப்போது வெளியே பனி கொட்டிக் கிடக்கும் என்பதால் தெற்குச் சன்னலோரம் தொட்டி வைக்கிறோம். மகன் ஆள்காட்டி விரலால் விதையை மண்ணுக்குள் அழுத்துகிறான். விரலை எடுத்ததும் குனிந்து அந்தக் குழிக்குள் உற்றுப் பார்க்கிறான். விதை கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் உடனே தோண்ட ஆரம்பிக்கிறான். கையில் தண்ணீர் தெளிக்கும் புட்டியைக் கொடுத்தால் தோண்டுவதை மறந்துவிடுகிறான்.

கேட்க நினைப்பது இரண்டு. ஒன்று, வெள்ளி மாலை மெழுகுவர்த்தி ஏற்றியதும் ஊதி அணைக்கப் பாய்கிறான். பிறந்தநாள் கேக் நினைவு. என்ன செய்யலாம்? இரண்டு, இந்த வயதுக்கு ஏற்ற கைவேலைகள் என்னென்ன? கடையில் விற்கும் ஒட்டுப்பட அட்டைகள் எனக்கு நிறைவு தரவில்லை.

---

யாழ்நங்கை | தோர்ன்ஹில், கனடா

வேலிப்பருத்தி அண்ணா, நான் இங்கே யூதக் குழந்தைகளுக்கான முன்பள்ளி ஒன்றில் ஆசிரியை. உங்கள் முதல் கேள்வி ஒவ்வோர் ஆண்டும் புதிதாகச் சேரும் பெற்றோர் கேட்பதுதான்.

ஷபாத் தீபத்தை ஊதி அணைப்பதில்லை. அது தானாக எரிந்து முடிய வேண்டும். கடைப்பிடிப்புள்ள வீடுகளில் ஏற்றியபின் அதை இடம் மாற்றவும் மாட்டார்கள். எனவே எங்கே வைப்பது என்பதை முன்பே முடிவு செய்துவிட வேண்டும்: குழந்தை நாற்காலி போட்டு ஏறினாலும் எட்டாத அலமாரி, பக்கத்தில் திரைச்சீலை இல்லாத இடம். அடுத்தது, தீக்குச்சி உரசும் முன்பே குழந்தையின் வேலை முடிந்துவிட வேண்டும். அவன் வேலை உண்டியல். தீபம் ஏற்றுமுன் ஈகைக்காகச் செதாக்கா உண்டியலில் காசு போடுவது வழக்கம். நாணயத்தை விரலால் பிடித்து, அந்தச் சின்னத் திறப்பில் நுழைத்து, அது விழும் ஓசையைக் கேட்பதைவிட இரண்டு வயதுக் கைக்குப் பொருத்தமான வேலை வேறு இல்லை. நாணயம் வாய்க்குப் போகாமல் மட்டும் ஒருவர் அருகில் இருக்க வேண்டும். அதன் பிறகு அவன் கைக்கு மரத்தால் செய்த விளையாட்டு மெழுகுவர்த்திகளைக் கொடுத்துவிடுங்கள். நீங்கள் உண்மையானதை ஏற்றும்போது அவனும் தன்னுடையதை "ஏற்றட்டும்". பெரியவர்கள் செய்வது போல அவனும் இரு கைகளால் கண்ணை மூடிக்கொள்வான். கண்ணை மூடியிருக்கும் குழந்தையால் ஊத முடியாது.

ஒட்டுப்பட அட்டைகள் பற்றி நீங்கள் நினைப்பது சரி. குழந்தை இரண்டை ஒட்டும், மீதியை ஆசிரியை ஒட்டி முடிப்பார், வீட்டுக்குப் போனதும் குப்பைக்குப் போய்விடும். அதற்குப் பதிலாக மேசையில் உண்மையாகவே பயன்படப்போகும் பொருளைச் செய்யுங்கள். ஷபாத் மேசைக்கான ஹல்லா ரொட்டியை மூடும் துணியைச் சொல்கிறேன். உண்ணுமுன் கடவுளை வாழ்த்திச் சொல்வது உண்டு; வெள்ளி இரவு திராட்சைரசத்துக்குத்தான் முதல் வாழ்த்து, ரொட்டிக்குப் பிறகுதான். வழக்கமாக முதலிடம் பெறும் ரொட்டிக்கு அதனால் வருத்தம் வந்துவிடக் கூடாது என்று அதைத் துணியால் மூடி வைக்கிறார்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்வார்கள். ரொட்டியின் மனம் நோகக் கூடாது என்பது இரண்டு வயதுக்காரருக்கு நன்றாகவே புரிகிறது.

செய்முறை நம் ஊர்ப் பள்ளியில் நாம் எல்லோரும் செய்ததுதான். வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கித் துணிச் சாயத்தில் தோய்த்து அச்சுப் பதிப்பது. வெள்ளைப் பருத்தித் துணியை மேசையில் நான்கு பக்கமும் ஒட்டுநாடாவால் இழுத்து ஒட்டிவிடுங்கள். சாயத்தைக் கிண்ணத்தில் ஊற்றாமல் பஞ்சில் நனைத்துத் தட்டில் வையுங்கள். இல்லையென்றால் முழுக் கையும் உள்ளே போகும். காய்ந்தபின் பழைய துணி ஒன்றைப் போட்டு இஸ்திரி போட்டால் சாயம் நிற்கும். கோணல்மாணலாக இருக்கட்டும். நீங்கள் திருத்தக் கூடாது.

---

மண்வெட்டி | கோவை

தோட்டக்கலைத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். யூத மரபு பற்றி இந்த இழையில்தான் படிக்கிறேன். பார்ஸ்லி பற்றி மட்டும் சொல்ல முடியும்.

தம்பி, பார்ஸ்லி முளைக்கச் சோம்பும் விதை. இரண்டு வாரம் முதல் நான்கு வாரம் வரை எடுக்கும். முந்தைய இரவு வெதுவெதுப்பான நீரில் ஊறப்போட்டால் சற்று விரைவாக வரும். அரை சென்டிமீட்டருக்கு மேல் ஆழம் வேண்டாம். நீண்ட ஆணிவேர் விடும் செடி என்பதால் அகலம் குறைந்தாலும் ஆழமான தொட்டி தேவை. மேல்மண் ஒருநாள்கூடக் காயக் கூடாது. உங்கள் மகனின் புட்டிக்கு நிறைய வேலை இருக்கிறது.

ஆனால் அத்தனை நாள் வெறும் மண்ணைப் பார்த்துக்கொண்டிருக்க இந்த வயதுக்குப் பொறுமை போதாது. பக்கத்திலேயே இன்னொரு தொட்டியில் முள்ளங்கியோ வெந்தயமோ தூவிவிடுங்கள். சில நாளிலேயே பச்சை காட்டிவிடும். ஒன்று ஓடி வருகிறது, இன்னொன்று மெல்ல வருகிறது என்று குழந்தை தானே பார்த்துக்கொள்ளும்.

---

நெடுஞ்சேரன் | ஸ்டாம்ஃபோர்டு ஹில், லண்டன்

மாற்றுக் கருத்து ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள். எங்கள் தெருவில் பெரும்பாலும், மரபைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கும் ஹசிதிய யூதக் குடும்பங்கள். பல ஆண்டுகளாக அக்கம்பக்கமாக இருக்கிறோம். அவர்கள் வீட்டில் இரண்டு வயதுக் குழந்தைக்கென்று தனியாக எந்தக் கைவேலையும் ஏற்பாடு செய்து நான் பார்த்ததில்லை. வீட்டில் நடப்பது நடக்கிறது, குழந்தை நடுவில் நிற்கிறது. அம்மா மாவு பிசைகிறார், குழந்தைக்கு ஓர் உருண்டை கிடைக்கிறது. அப்பா சுக்கோத் பண்டிகைக்குப் போடும் சுக்கா பந்தலுக்குக் கட்டையைத் தூக்குகிறார், குழந்தை ஒரு குச்சியைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடுகிறது. கதவைக் கடக்கும்போது தூக்கிப் பிடிக்கிறார்கள், அது நிலையில் பதித்த, வேதவரிகள் அடங்கிய சிறு பேழையான மெசுசாவைத் தொட்டு விரலை முத்தமிடுகிறது. அவ்வளவுதான்.

மரக்கட்டை மெழுகுவர்த்தி, வெண்டைக்காய் அச்சு என்று ஒவ்வொன்றையும் குழந்தைக்கான விளையாட்டாக மாற்றிக்கொண்டே போனால், பெரியவர்களின் ஷபாத் ஒன்று, குழந்தையின் ஷபாத் வேறொன்று என்று பிரிந்துவிடும். வளர்ந்ததும் "அது சின்ன வயதில் செய்தது" என்று ஒதுக்கிவிட வாய்ப்பு உண்டு. எனக்கு இது உண்மையான கவலை.

---

யாழ்நங்கை | தோர்ன்ஹில், கனடா

நெடுஞ்சேரன் ஐயா, உங்கள் கவலையில் பாதி எனக்கும் உண்டு. அதனால்தான் ஒட்டுப்பட அட்டை வேண்டாம் என்றேன். மறுபாதியை ஏற்க முடியவில்லை. குழந்தைக்காக மரபை வளைப்பது இன்றைய முன்பள்ளிகள் கண்டுபிடித்ததல்ல. சேடர் இரவைப் பாருங்கள். வீட்டின் மிகச் சிறிய பிள்ளை நான்கு கேள்விகள் கேட்ட பிறகுதான் எகிப்திலிருந்து விடுதலை பெற்ற கதையே தொடங்குகிறது. புளிப்பில்லா ரொட்டியின் ஒரு துண்டை ஒளித்துவைத்துப் பிள்ளைகளைத் தேடவிடுகிறார்கள். பஸ்கா மாலையில் பழங்கால யூத அறிஞர் ரபி அகிபா பிள்ளைகளுக்கு வறுத்த தானியமும் கொட்டைகளும் பகிர்ந்து கொடுப்பார், அவர்கள் தூங்கிவிடாமல் கேள்வி கேட்க வேண்டும் என்பதற்காக, என்று யூதர்களின் பழைய சட்ட விளக்க நூலான தல்மூத் சொல்கிறது. (இரண்டு வயதுக்கு முழுக் கொட்டை கொடுக்காதீர்கள். தொண்டையில் அடைக்கும்.)

விளையாட்டும் சடங்கும் அந்த மேசையில் சேர்ந்தே இருக்கின்றன. மேசையில் இடம்பெறாத கைவேலையைத்தான் நான் விளையாட்டுப் பொருள் என்பேன். குழந்தை அச்சுப் பதித்த துணி ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் உண்மையான ரொட்டியின் மேல் கிடக்கிறது. அது பொம்மை ஷபாத் இல்லை.

எட்டு இரவு தீபப் பண்டிகையான ஹனுக்காவுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். இரு உள்ளங்கைகளிலும் வண்ணம் பூசி, இரண்டு கட்டைவிரல்களும் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று விழும்படி தாளில் பதியுங்கள். எட்டு விரல்கள் எட்டு இரவுகளின் தீபங்கள். சேர்ந்திருக்கும் கட்டைவிரல் மற்றவற்றை ஏற்றும் ஷமாஷ். ஆண்டுதோறும் ஒரே அளவுத் தாளில் எடுத்துத் தேதி எழுதி வைத்தால் கை வளர்வதும் தெரியும்.

---

செல்வி | ஹைஃபா

நான் இங்கே மொராக்கோ வழி வந்த ஒரு பாட்டிக்குத் துணையாக வேலை செய்கிறேன். சனிக்கிழமைதோறும் கொள்ளுப்பேத்தி வருவாள், மூன்று வயது. தோட்டம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை, பால்கனியில் நாலைந்து தொட்டிகள்தாம்.

ஷபாத் முடிந்து வானில் மூன்று நட்சத்திரம் தெரிந்ததும், அதை வழியனுப்பும் சடங்கான ஹவ்தலா. திராட்சைரசம், நறுமணம், பல திரிகள் சேர்த்துப் பின்னிய மெழுகுவர்த்தி. நறுமணத்துக்குச் சில வீடுகளில் வெள்ளிப் பேழையில் கிராம்பு, பட்டை வைத்திருப்பார்கள். இந்த வீட்டில் தொட்டியிலிருந்து அப்போதுதான் பறித்த ரோஸ்மேரிக் கிளை. பறிப்பது அந்தக் கொள்ளுப்பேத்திதான். ஷபாத் முடியும் வரை செடியிலிருந்து எதையும் பறிக்கக் கூடாது என்பதால் மாலை முழுவதும் கதவருகே நின்று நட்சத்திரம் பார்த்துக்கொண்டிருப்பாள். அனுமதி கிடைத்ததும் ஓடிப்போய்ப் பறித்து, இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்துக் கசக்கி, ஒவ்வொருவர் மூக்கின் அருகிலும் கையைக் கொண்டுபோய் நீட்டுவாள். பாட்டிக்கு இப்போது பார்வை மங்கல். குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் முகர்வார்.

இங்குள்ள முன்பள்ளிகளில் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு பெண் குழந்தை ஷபாத் அம்மாவாகவும் ஓர் ஆண் குழந்தை ஷபாத் அப்பாவாகவும் இருப்பார்கள். து பிஷ்வாத் சமயத்தில் பாதாம் மரம் இலை விடுமுன்பே வெள்ளையும் வெளிர்சிவப்புமாகப் பூத்துவிடும். பிள்ளைகள் நாற்று நடப் போவார்கள். ஆனால் நிலத்துக்கு ஓய்வு தரும் ஏழாம் ஆண்டில் நாற்று நட மாட்டார்கள். 2021 இலையுதிர் காலம் முதல் 2022 வரை அப்படி ஓர் ஆண்டு. அடுத்தது 2028இல் தொடங்கும். இது இஸ்ரேல் மண்ணுக்கு மட்டும்தான் என்பதால் நியூஜெர்சியில் உங்களுக்குத் தடை இல்லை.

---

வேலிப்பருத்தி | ஹைலண்ட் பார்க், நியூஜெர்சி

செல்வி, கதவருகே நின்று நட்சத்திரம் பார்க்கும் குழந்தை என் மனத்திலேயே நிற்கிறாள். எங்கள் தோட்டத்திலும் ஓய்வுநாள் உண்டு. வெள்ளி மாலை சூரியன் சாயுமுன் மகனோடு எல்லாச் செடிக்கும் தண்ணீர் ஊற்றிவிடுவோம். சனிக்கிழமை ஊற்றுவதில்லை, களை பிடுங்குவதில்லை, பழம் பறிப்பதில்லை. கோடையில் தக்காளி சிவந்து தொங்கும்போது அது எளிதல்ல. ஆனால் அந்த ஒருநாள் செடிகளுக்கிடையே சும்மா நடப்பதுதான் எனக்கே மிகவும் பிடித்தது. மற்ற ஆறு நாளும் நான் தோட்டத்தில் வேலையைத்தான் பார்க்கிறேன். சனிக்கிழமை செடியைப் பார்க்கிறேன்.

நெடுஞ்சேரன் சொன்ன சுக்கா பந்தல் எங்கள் வீட்டிலும் உண்டு. கூரைக்கு வெட்டிய தாவரம்தான் போட வேண்டும், அதன் இடைவெளியில் நட்சத்திரம் தெரிய வேண்டும் என்பது மரபு. நான் சோளத்தட்டை போடுகிறேன். கொல்லையில் விளைந்ததே கூரையாவதில் எனக்குச் சொல்ல முடியாத மகிழ்ச்சி. காகிதச் சங்கிலிக்கு வண்ணத்தாளைப் பட்டையாக வெட்டுவது நான். வளையமாக மடித்துப் பசை தடவி அழுத்திப் பிடிப்பது அவன்.

---

நெடுஞ்சேரன் | ஸ்டாம்ஃபோர்டு ஹில், லண்டன்

யாழ்நங்கை அவர்களே, சேடர் பற்றிச் சொன்னது நியாயம். மேசைக்கு வரும் கைவேலை என்ற உங்கள் அளவுகோலை ஏற்கிறேன். சந்தையில் விற்கும் கைவேலைப் பொட்டலங்களை மட்டும் இன்னும் ஏற்க முடியவில்லை.

சனிக்கிழமை நடை பற்றிப் படித்ததும் பக்கத்து வீட்டுப் பெரியவர் சொன்ன ஒரு விதி நினைவுக்கு வந்தது. ஷபாத்தில் செடியில் இருக்கும் நறுமணத் தழையைப் பறிக்காமல் அப்படியே குனிந்து முகரலாம். மரத்தில் தொங்கும் பழத்தை மட்டும் முகரக் கூடாது. மணம் பிடித்துப்போய் தன்னை மறந்து பறித்துத் தின்றுவிடலாம் அல்லவா! உங்கள் மகனைத் துளசியிடமும் புதினாவிடமும் தாராளமாக அழைத்துப் போங்கள்.

சுக்கோத் சடங்கில் கையில் பிடிக்கும் எத்ரோகைப் பண்டிகை முடிந்ததும் எறிந்துவிடாதீர்கள். நார்த்தங்காய் இனத்துப் பழம். இங்கே பலர் அதில் கிராம்பைச் செருகி ஹவ்தலா நறுமணத்துக்கு வைத்துக்கொள்கிறார்கள். தோல் தடிப்பானது. நீங்கள் ஊசியால் துளையிட்டுக் கொடுத்தால் குழந்தை கிராம்பைச் செருகும்.

---

மீனாட்சியம்மாள் | மதுரை

எல்லோருக்கும் வணக்கம். என் மருமகளும் யூதர். மகன் குடும்பம் பாஸ்டனில். பேரனுக்கு ஒரு வயதில் குலதெய்வக் கோயிலில் மொட்டை போட ஆசைப்பட்டேன். மூன்று வயது வரை முடியே வெட்ட மாட்டோம், அது தன் குடும்ப வழக்கம் என்று மருமகள் பணிவாகச் சொன்னாள். காரணம் கேட்க எனக்குத் தயக்கம். தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இங்கிருந்து குழந்தைக்கு நான் என்ன அனுப்பினால் அந்த வீட்டுக்குப் பொருத்தமாக இருக்கும்?

---

வேலிப்பருத்தி | ஹைலண்ட் பார்க், நியூஜெர்சி

அம்மா, காரணம் தோட்டத்தில்தான் இருக்கிறது. நட்ட மரத்தின் கனியை முதல் மூன்று ஆண்டுகள் உண்ணக் கூடாது என்று லேவியராகமம் 19ஆம் அதிகாரம் சொல்கிறது. மனிதனை வயல்வெளி மரத்தோடு ஒப்பிட்டுப் பேசுவதும் யூத மரபில் உண்டு. அதனால் சில சமூகத்தார், முக்கியமாக ஹசிதியர்கள், ஆண் குழந்தையின் முடியை மூன்று வயது வரை விட்டுவைக்கிறார்கள். அதன்பின் உறவினர் கூடி ஆளுக்கு ஒரு கற்றை வெட்டுவார்கள். பல வீடுகளில் அன்று எபிரேய எழுத்துகளின் மேல் தேன் தடவி, குழந்தையை நக்கச் சொல்லிக் கற்பிக்கத் தொடங்குவார்கள். முதல் முடி எடுப்பதைக் குடும்பமே கூடிக் கொண்டாடும் வழக்கம் உங்களுக்குப் புதிதல்ல. மருமகளிடம் தயங்காமல் கேளுங்கள், அந்த நாளுக்குப் போய்வர முயலுங்கள். ஒரு கற்றை வெட்டப் பாட்டியையும் நிச்சயம் அழைப்பார்கள்.

அனுப்ப வேண்டியது என்றால் சுங்குடித் துணி! ஹல்லாவை மூட அதைவிட அழகான துணி எனக்குத் தோன்றவில்லை. கூடவே முழுக் கிராம்பு, பட்டை, ஏலம். ஒவ்வொரு சனி இரவும் பேரன் முகரும்போது உங்கள் வீட்டு அஞ்சறைப் பெட்டியின் மணம் அங்கே இருக்கும்.

---

மீனாட்சியம்மாள் | மதுரை

மனம் நிறைந்தது தம்பி. நாளைக்கே துணி எடுக்கப் போகிறேன்.

---

மண்வெட்டி | கோவை

மரத்தின் கனி மூன்றாண்டு விலக்கு என்பது நல்ல தோட்ட அறிவும்கூட. இளமரத்தில் பிஞ்சைக் கிள்ளிவிட்டால் வேரும் கிளையும் வலுப்பெறும் என்று விவசாயிகளிடம் நாங்கள் சொல்லிவந்ததுதான்.

ஓர் ஐயம். ரொட்டிக்கு ஒரு வாழ்த்து, திராட்சைரசத்துக்கு ஒரு வாழ்த்து என்றீர்கள். வாழைப்பழத்துக்கு?

---

யாழ்நங்கை | தோர்ன்ஹில், கனடா

நீங்கள் கேட்டது எனக்கு மிகவும் பிடித்த கேள்வி ஐயா! மரத்தில் விளையும் கனிக்கு ஒரு வாழ்த்து, நிலத்தில் விளைவதற்கு வேறொரு வாழ்த்து. வாழைக்கு நிலத்தின் வாழ்த்துதான், அன்னாசிக்கும் அப்படியே. ஆண்டுக்கு ஆண்டு நிலைத்து நிற்கும் கட்டைத்தண்டு வாழைக்கு இல்லை, குலை தள்ளியதும் அந்தத் தண்டு மடிந்துவிடும் என்பதால் அதை மரமாகக் கொள்வதில்லை. எங்கள் வகுப்பில் மூன்று வயதுக்காரர்கள் பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு "இது மரமா, நிலமா?" என்று வாதாடிவிட்டுத்தான் உண்கிறார்கள்.

---

மண்வெட்டி | கோவை

தாவரவியலும் அதையேதான் சொல்கிறது. வாழை மரமே அல்ல. பிரமாதம். வேலிப்பருத்தி தம்பி, அடுத்த ஆண்டு எப்போது விதைக்கிறீர்கள்? 2027இல் அந்தப் பண்டிகை எந்தத் தேதி?

---

யாழ்நங்கை | தோர்ன்ஹில், கனடா

நானே சொல்லிவிடுகிறேன், வகுப்புக்காக நாள்காட்டி பக்கத்தில்தான் இருக்கிறது. 2027இல் து பிஷ்வாத் சனவரி 23. சேடர் ஏப்ரல் 21 இரவு. வழக்கமாக இரண்டுக்கும் இடையே இரண்டு மாதம்தான். அது யூத நாள்காட்டியில் ஆதார் மாதம் இருமுறை வரும் ஆண்டு என்பதால் மூன்று மாதம் கிடைக்கிறது. பார்ஸ்லி நன்றாகத் தழைத்திருக்கும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். சனவரி 23 சனிக்கிழமை, அன்று விதைக்கக் கூடாது. அன்று அத்திப்பழமும் கொட்டை நீக்கிய பேரீச்சையும் தின்றுவிட்டு, ஹவ்தலா முடிந்ததும் விதையை ஊறப்போட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலை தொட்டியை எடுங்கள்.